இந்தியாவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போவது எப்படி?

தோட்டங்களுக்கு நாம் போய்வரும்போது, பிள்ளைமடுவத்து வாசலிலோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ யாராவது ஒருவர் எம்மை ஒருபக்கமாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். "அக்கா இந்தியாவுல இருக்காங்க. கோத்தகிரிப் பக்கம். ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வரணும். அதுக்கு என்னங்க செய்யணும்?" கேட்பவருக்குப் பெரும்பாலும் அறுபது வயது கடந்திருக்கும். அக்காவுக்கு எழுபதோ எண்பதோ. வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள்தான். ஆனாலும் கையைப் பிடித்துப் பேசி நாற்பது, ஐம்பது வருடமாகிவிட்டது.

ஆகவே இந்தக் கேள்விக்கு விளக்கமாகவே பதில் எழுதுகிறோம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவுக்கு வீசா எடுப்பது இப்போது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை. நம் ஆட்களை மாதக்கணக்கில் அலைய வைப்பது வீசாவுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இருந்தால் பாதி தூரம் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைய பயணமும் இன்றைய பயணமும்

பெரியவர்கள் சிலர் கோபப்படுவார்கள். "நம்ம ஊருக்குப் போக நமக்கு எதுக்கு வீசா?" என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் பாட்டன் பூட்டன்மார் வந்த காலத்தில் வீசா என்று ஒன்று இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த சின்னத் தகட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, மண்டபம் முகாமில் தங்கி வைத்தியப் பரிசோதனை முடித்து, கடலைக் கடந்து வந்தார்கள். பிறகும் பல காலம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. யுத்தம் தொடங்கிய பின்னர் 1980களின் நடுப்பகுதியில் அதுவும் நின்றுபோனது.

அந்தக் கப்பலில்தான் நம் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோம். 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாகியது. மீதமிருந்த 150,000 பேரை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டார், தம்பி இலங்கைக்கு மனுப் போட்டார். அப்படிப் போனவர்கள் இன்று நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களிலும், வால்பாறையிலும், கேரளத்தில் புனலூரிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலும், தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீசாப் பத்திரத்தில் உங்கள் தகப்பனார், தாயார் பிறந்த இடம் எது, அவர்கள் முன்பு எந்த நாட்டுப் பிரஜை, நீங்கள் வேறு நாட்டுப் பிரஜையாக இருந்தீர்களா என்ற கேள்விகள் வரும். நம் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாதவர்கள் நிறையப் பேர். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய கடதாசிகளை எடுத்துப் பார்த்து, அவற்றில் இருக்கிறபடி எழுத வேண்டும். ஊகத்தில் எழுதக் கூடாது.

இந்திய வம்சாவளியினர் என்பதற்காக மட்டும் வீசா இல்லாமல் போக முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்தியாவுக்குப் போக வீசா வேண்டும். வயதானவருக்கும் வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும்.

முதலில் கடவுச்சீட்டு

கடவுச்சீட்டு எடுப்பதற்குப் பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வேண்டும். தோட்டத்தில் பிரச்சினை தொடங்குவது இங்கேதான். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இராமாயி என்பவர் ரமாய் ஆகியிருப்பார். தகப்பன் பெயர் பிள்ளையின் பெயராகப் பதியப்பட்டிருப்பதும் உண்டு. இவ்வளவு காலமும் இதனால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. பேரட்டில் கூப்பிடும்போது ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஆளைத் தெரியாது, கடதாசியை மட்டும்தான் தெரியும்.

எனவே பயணம் என்ற எண்ணம் வந்தவுடனேயே இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சொல்லலாம். பெரிய பிழை என்றால் பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் கிளையில் விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைச் சான்று, ஞானஸ்நானப் பத்திரம், பழைய தோட்டப் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் கொண்டு போங்கள். இந்த வேலை ஒரு நாளில் முடியாது. தரகர் யாராவது "அப்படியே விட்டுடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றால் நம்பாதீர்கள். கடவுச்சீட்டில் பிழையான பெயர் ஏறிவிட்டால் அதன்பின் எல்லாப் பத்திரத்திலும் அந்தப் பிழைதான் தொடரும்.

பிறப்பே பதியப்படாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், முக்கியமாக லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த மூத்தவர்கள். அவர்கள் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வழியில்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தோட்டத்தில் வசிப்பவரின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்தலாம். துரையிடம் போய்க் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது அவருடைய கடமைகளில் ஒன்று.

இனி ஒரு விசேஷமான பிரிவினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்கு மனுப் போட்டு, இந்தியக் கடவுச்சீட்டும் கிடைத்து, ஆனால் கப்பல் நின்றதாலோ குடும்பத்தைப் பிரிய மனமில்லாமலோ இங்கேயே தங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய கடவுச்சீட்டு இன்னும் சிலரது தகரப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்தபடி இருக்கிறது. "இது இந்தியா பாஸ்போட்டுதானே, இதைக் காட்டிப் போகலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். முடியாது. அது காலாவதியானது. அதோடு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க வழி செய்தது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தும் போகாமல் தங்கியவர்கள் பிரகடனம் ஒன்றைக் கொடுத்து இலங்கைப் பிரஜையாகவும் அந்தச் சட்டம் இடம் தந்தது. அப்படிப் பிரகடனம் கொடுத்தவர்கள் கையில் இருக்கும் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பொன்போல வைத்திருங்கள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தின்போது அதைக் கேட்கக்கூடும். அடையாள அட்டை இருக்கிறது என்பதற்காக அந்தப் பத்திரத்தை வீசிவிடாதீர்கள். பழைய இந்தியக் கடவுச்சீட்டையும் வீச வேண்டாம். எந்த வருடம், எந்தப் பெயரில் பதிவானோம் என்பதற்கு அது சாட்சி. பயணத்துக்கு மட்டும் அது உதவாது.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தைப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் கொடுக்கலாம். மலையகத்தவருக்குக் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகம் கிட்ட இருக்கிறது. 2023 யூன் மாதத்திலிருந்து இணையத்தின் மூலம் விண்ணப்பித்து, குறிப்பிட்ட பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுக்கும் வசதியும் வந்துள்ளது. உங்களுடைய பிரதேச செயலகத்தில் அந்த வசதி உண்டா என்று 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். படத்தை அவர்களே கணினி வழியாக அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள், அதைத் தவற விட வேண்டாம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தொகையை இங்கே அச்சிடவில்லை. அதையும் 1919 இல் கேளுங்கள். சாதாரண சேவைக்கும் ஒருநாள் சேவைக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அவசரமில்லாத ஆள் ஒருநாள் சேவைக்குப் பணம் கட்டுவது எமக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காசு பயணச்சீட்டுக்கு உதவும்.

பெரியவர்களுக்குக் கடவுச்சீட்டு பத்து வருடம் செல்லும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று வருடம். பிள்ளைக்குத் தனியாக எடுக்க வேண்டும், அம்மாவின் புத்தகத்தில் சேர்க்கும் பழைய முறை இப்போது இல்லை. பிள்ளையின் விண்ணப்பத்துக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் தேவை. தாய் வெளிநாட்டில் வேலை செய்கிற வீடுகளில் இது இழுபறியாகும், ஆகையால் அவரோடு முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

இன்னொன்று. கடவுச்சீட்டைத் தேவை வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். 2024 இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து சனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். அக்கரையில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று போன் வந்தபிறகு பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த ஓடுவது மிகக் கொடுமையான அனுபவம். அப்படி ஓடி, திருத்தம் வருமுன் சாவுச் செய்தி வந்த வீடுகளும் உண்டு.

வீசாவுக்கு விண்ணப்பித்தல்

2015 ஏப்ரல் முதல் இலங்கையருக்கு இந்திய இலத்திரனியல் வீசா கிடைக்கிறது. ஈ-வீசா என்று சொல்கிறார்களே, அதுதான். இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. இந்திய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, வங்கி அட்டையால் கட்டணம் செலுத்தினால் அனுமதி மின்னஞ்சலில் வரும். அந்தத் தளத்தின் பெயர் இந்தியன்விசாஒன்லைன் டொட் ஜிஓவி டொட் இன். கடைசியில் ஜிஓவி டொட் இன் என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இதேபோல அசோகச் சக்கரமும் கொடியும் போட்டு, பார்வைக்கு அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. அவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காசு வாங்கிக்கொண்டு உங்கள் விபரத்தை அரசாங்கத் தளத்தில் அடித்துக் கொடுக்கும். சில அதையும் செய்யாது.

சுற்றுலா ஈ-வீசாவில் மூன்று வகை உண்டு. முப்பது நாள் வகையில் இரண்டு தடவை உள்ளே போகலாம். ஒரு வருட வகையிலும் ஐந்து வருட வகையிலும் பல தடவை போகலாம், ஆனால் ஒரு ஆண்டில் மொத்தம் 180 நாட்களுக்கு மேல் அங்கே தங்க முடியாது. முப்பது நாள் வகைக்கு, பயணத் திகதிக்கு முந்திய முப்பது நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நான்கு நாட்கள் வரை தாமதிக்காதீர்கள். நீண்டகால வகைகளுக்கு 120 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வீசா மறுக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பி வராது.

தேவையானவை கொஞ்சம்தான். உள்ளே போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அதில் இரண்டு வெற்றுப் பக்கம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த சதுரமான படம், கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தின் பிரதி. இந்தியாவில் ஒருவருடைய பெயர், விலாசம், தொலைபேசி இலக்கமும், இலங்கையில் ஒருவருடைய அதே விபரங்களும் கேட்பார்கள். அக்காவின் சரியான விலாசத்தை அஞ்சல் குறியீட்டோடு முதலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கோத்தகிரி டேன்டீ தோட்டம், கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்று எழுதினால் போதாது.

சுற்றுலா வீசாவில் சொந்தக்காரரைப் பார்க்கப் போகலாமா என்பது பலருடைய சந்தேகம். தாராளமாகப் போகலாம். உறவினரையும் நண்பரையும் பார்ப்பது அந்த வீசாவில் அனுமதிக்கப்பட்ட காரியங்களில் ஒன்று. இது தெரியாமல் "மதுரை மீனாட்சி கோயிலுக்குப் போறோம்" என்று விமான நிலையத்தில் பொய் சொல்லி, அடுத்த கேள்விக்கு முழி பிதுங்கி நின்றவர்கள் உண்டு. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைக் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து நிரப்புபவர்கள் அதிகம். அதில் தவறில்லை. ஆனால் ஆள் பக்கத்தில் இருந்து, அனுப்புவதற்கு முன் கடவுச்சீட்டு இலக்கத்தையும் பெயரையும் பிறந்த திகதியையும் ஒருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மின்னஞ்சல் உங்கள் வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கட்டும், கடைக்காரருடையது வேண்டாம். அனுமதி வந்ததும் அச்செடுத்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் காட்டிய அதே கடவுச்சீட்டோடுதான் பயணம் செய்ய வேண்டும்.

2025 ஒக்டோபரிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்துள்ளது. இந்தியாவுக்குள் போகும் வெளிநாட்டவர், போய்ச் சேருவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். முன்பு விமானத்தில் கையால் நிரப்பிய அட்டைதான் இப்போது இப்படி வந்துள்ளது. அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

ஈ-வீசா எல்லா வாயிலிலும் செல்லாது. அதற்கென்று குறித்த விமான நிலையங்களும் துறைமுகங்களும் இருக்கின்றன. சென்னை, திருச்சி, கொச்சி விமான நிலையங்கள் அதில் அடங்கும். 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் சேவை இடையில் நின்று, 2024 ஒகஸ்டில் மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் கடலைப் பார்த்து நிறுத்துவார்கள். கப்பலில் போக ஆசைப்படுகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, கையிலிருக்கும் வீசா நாகப்பட்டினத்தில் செல்லுமா என்று அரசாங்கத் தளத்தின் பட்டியலிலும் கப்பல் கம்பனியிடமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணையம் ஒத்துவராதவர்களும், பழைய பிரஜாவுரிமைச் சிக்கல் உள்ளவர்களும் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் போய் விசாரிக்கலாம். அங்கே தமிழில் பேசலாம். சாவு, கடும் நோய் போன்ற அவசரத்தில், ஆஸ்பத்திரிக் கடிதத்தையோ மரணச் செய்தியையோ கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நேரில் போய்க் கேட்பது நல்லது.

வைத்தியம் செய்துகொள்ளப் போகிறவர் சுற்றுலா வீசாவில் போக வேண்டாம். அதற்கு மருத்துவ ஈ-வீசா தனியாக இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்க வேண்டும். 60 நாள் தங்கலாம், மூன்று தடவை உள்ளே போகலாம், துணைக்கு இரண்டு பேர் உதவியாளர் வீசாவில் கூடப் போகலாம். பிள்ளையைப் படிக்க வைப்பதற்கு மாணவர் வீசா வேண்டும்.

அங்கே போன பிறகு

விமான நிலையத்தில் கைவிரல் அடையாளமும் படமும் எடுப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையின் திகதியை அங்கேயே பாருங்கள். முப்பது நாள் வீசாவில் நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்துதான்.

நம் சொந்தக்காரர்களுக்குத் தெரியாத ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டவர் ஒருவரை வீட்டில் தங்கவைத்தால், 24 மணித்தியாலத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலருக்கு அறிவிக்க வேண்டும். ஹோட்டலுக்கு மட்டுமல்ல, தனி வீட்டுக்கும் இது பொருந்தும். மாவட்டங்களில் பொலிஸ் அத்தியட்சகரே அந்த அலுவலர். நீலகிரி என்றால் ஊட்டியில் இருக்கிறார். இணையத்திலும் அனுப்பலாம். "என் சொந்தத் தம்பிக்கு எதுக்கு பொலிசுல பதியணும்?" என்று அக்கா கேட்பார். தம்பி அந்த நாட்டுச் சட்டத்துக்கு வெளிநாட்டவர். வலிக்கிறதுதான், ஆனால் பதியாவிட்டால் சிக்கல் அக்கா வீட்டுக்கு வரும். ஆகவே போவதற்கு முன்பே அங்குள்ள பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

வேலை செய்யக் கூடாது. மச்சான் தோட்டத்தில் இரண்டு மாதம் கொழுந்து எடுத்தாலோ, தெரிந்தவர் கடையில் நின்றாலோ அது வீசா நிபந்தனையை மீறுவதுதான். சுற்றுலா வீசாவில் அனுப்பி வேலை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகர், இந்தியாவுக்கு என்றாலும் அரபு நாட்டுக்கு என்றாலும், உங்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப் போகிறார். அங்கே சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் போய் முறையிட முடியாத நிலையில் நிற்பீர்கள்.

திகதி தவறுவதைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுலா ஈ-வீசாவை அங்கே போய் நீட்டிக்க முடியாது, வேறு வீசாவாக மாற்றவும் முடியாது. "பேத்தி கல்யாணம் முடிஞ்சு போகலாம்" என்று பத்து நாள் கூட இருந்துவிட்டால், திரும்பும்போது விமான நிலையத்தில் மறிப்பார்கள். தண்டம் கட்டி, வெளியேறும் அனுமதி எடுத்துத்தான் வர வேண்டும். அடுத்த தடவை வீசா கிடைக்காமலும் போகலாம். 2025 செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின்படி, வீசா காலம் முடிந்தும் தங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ மூன்று இலட்சம் இந்திய ரூபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தச் சட்டத்தோடு வந்த விலக்கு ஒன்றைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு பேசுகிறார்கள். 2015 ஜனவரி 9 வரை அங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத்தான் அந்த விலக்கு. இப்போது வீசாவில் போகிறவருக்கு அது பொருந்தாது. கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் வீசா முடியும் நாளைச் சொல்லி, அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். நோயில் விழுந்து பயணம் செய்ய முடியாமல் போனால் வைத்தியரின் கடிதத்தோடு நாள் முடிவதற்கு முன்பே பதிவு அலுவலரிடம் போக வேண்டும், முடிந்த பிறகு அல்ல.

நீலகிரிக்கு வாடகை வேனில் போகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியிலிருந்து வரும் வாகனங்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசாங்க பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பஸ் இருக்கிறது, காசும் மிச்சம்.

கடவுச்சீட்டை யாரிடமும் அடகுபோல விட்டு வைக்காதீர்கள், சொந்தக்காரரிடமும்கூட. படமுள்ள பக்கத்தையும் வீசாவையும் பிரதி எடுத்து வேறு பையில் வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். தொலைந்துவிட்டால் உடனே அருகிலுள்ள பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்கிக்கொண்டு, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். நாடு திரும்புவதற்கான பத்திரத்தை அவர்கள்தான் தருவார்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் நாம் வேறொரு யோசனையும் சொல்வதுண்டு. இங்கிருந்து போக முடியாவிட்டால் அங்கிருந்து வரச் சொல்லலாம். இந்தியர்கள் இங்கே வருவதற்கு இலங்கை அரசாங்கத்தின் ஈ.டி.ஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் எடுக்கலாம், முதலில் முப்பது நாள் தருவார்கள். அக்காவின் மகனோ மகளோ அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தால், அவர் பிறந்த லயத்தையும் கொழுந்து எடுத்த மலையையும் பார்த்துவிட்டுப் போகலாம். அவர்களுக்கும் ஆறு மாதம் செல்லுபடியான கடவுச்சீட்டு வேண்டும். அங்கேயும் அக்காவின் ஆதார் அட்டையில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர் இருக்கலாம். அடுத்த முறை போனில் பேசும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.